திருகோணமலையில் ஒரு விசா ஆலோசனைக் கடை: வாடிக்கையாளர் ஒருவரின் மதிப்பீடு

திருகோணமலை நகரில் வெளிநாட்டு விசா விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுக்கும் கடைகள் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியும்படி பெருகிவிட்டன. போட்டோகொப்பிக் கடையின் மூலையில் ஒரு கணினியோடு அமர்ந்திருப்பவர்கள் முதல், கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் வைத்து வாசலில் நான்கைந்து நாட்டுக் கொடிகளை ஒட்டியிருப்பவர்கள் வரை பல தரத்தினர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒடுங்கிய மாடிப்படி ஏறிப் போகவேண்டிய சிறிய கடையொன்றின் சேவையை எங்கள் குடும்பமும் எங்கள் அயலவர் ஒருவரும் இரண்டு வெவ்வேறு தேவைகளுக்காகப் பெற்றோம். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. அதற்கு முன் நாங்கள் போய்வந்த வேறொரு நிறுவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருப்பதால் இரண்டின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

விசா கிடைத்ததா இல்லையா என்பதைக் கொண்டே இத்தகைய கடையை அளப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த அளவுகோல் பிழையானது என்பது என் உறுதியான கருத்து. முடிவெடுப்பவர் அந்நாட்டு அதிகாரி. கடையின் கையில் இருப்பது, அனுப்பப்படும் கோப்பு உண்மையாகவும் முழுமையாகவும் இருக்கிறதா என்பதும், அதில் தன் பெயரால் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை விண்ணப்பதாரர் விளங்கிக்கொண்டாரா என்பதும்தான். இவற்றை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நாட்டின் எல்லைக் காவல் இன்று அந்நாட்டு விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்திடம் பிரித்தானியா ஒரு பயணிக்கு 2,000 பவுண் தண்டம் அறவிடுகிறது. அதனாலேயே கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப்பொதியை நிறுக்கும் மேசையிலேயே விசா பரிசோதனை நடக்கிறது. கொழும்பில் நாம் கொடுக்கும் கைரேகையைப் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் தமக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏற்பாடு இருக்கிறது. விண்ணப்பத்தில் ஏமாற்று இருந்ததாக முடிவானால் பிரித்தானியா 10 ஆண்டுகள் வரையும் கனடா 5 ஆண்டுகளும் அந்த நபரை மறுக்க முடியும். பொய்யை எழுதியவர் முகவராகவே இருந்தாலும் கையொப்பம் விண்ணப்பதாரருடையது. விளைவைச் சுமப்பவரும் அவரே. ஆகவே எல்லை என்பது உண்மையில் இந்தக் கடைகளின் மேசையிலேயே தொடங்குகிறது என்பதை மனதில் வைத்துத்தான் நான் இந்தச் சேவையை அளக்கிறேன்.

முதல் தேவை என் அண்ணனின் மகளுடையது. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று, இங்கிலாந்தில் ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்த பிள்ளை அவள், அண்மையில் திருமணமானவள். நாங்கள் முதலில் போன நிறுவனத்தில், கணவரையும் சேர்த்தே அனுப்பிவிடலாம் என்றும், வங்கியில் காட்டவேண்டிய பணம் எங்களிடம் இல்லாவிட்டால் அதைத் தாங்களே கணக்கில் போட்டுக் காட்டி, பின்னர் வட்டியோடு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டபோது, கோப்பு முடிந்ததும் தருவதாகப் பதில் வந்தது. கடவுச்சீட்டின் மூலப்பிரதியைத் தங்களிடமே விட்டுச் செல்ல வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. அங்கிருந்து எழுந்து வந்தோம்.

மாடிக் கடையில் நடந்தது முற்றிலும் வேறு. மேசையில் இருந்த பெண் உத்தியோகத்தர் முதலில் காசைப் பற்றிப் பேசவில்லை. பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தை முழுவதும் வாசித்தார். பாடநெறி ஆய்வுப் பட்டமா, வகுப்பில் கற்பிக்கும் பட்டமா என்று கேட்டார். கற்பிக்கும் பட்டம் என்றதும், "தங்கச்சி, இந்தப் படிப்புக்கு உங்கட கணவர் உங்களோட வர ஏலாது, 2024 ஜனவரியில இருந்து, உங்களப்போல சொந்தக் காசில படிக்கப் போற ஆக்களில ஆராய்ச்சிப் பட்டம் செய்யிற ஆக்களுக்கு மட்டுந்தான் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக விடுகினம். அதை யோசிச்சு முடிவெடுத்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி, அந்த விதி இருக்கும் பிரித்தானிய அரசின் இணையப் பக்கத்தைத் திரையில் திறந்து காட்டினார். வாடிக்கையாளரை இழக்க நேரிடும் என்று தெரிந்தும் சொல்லப்பட்ட அந்தப் பதிலுக்காகவே நான் இந்தக் கடைக்கு முதல் மதிப்பெண் கொடுப்பேன். எங்கள் வீட்டில் அதன்பின் பல நாட்கள் பேச்சு நடந்தது. தனியாகப் போவதென்ற முடிவை என் பெறாமகளும் அவளுடைய கணவரும் சேர்ந்து எடுத்தார்கள். விதியை அறிந்துகொண்டு எடுத்த முடிவாக அது இருந்தது.

இரண்டாவது தடவை போனபோது மொத்தச் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். விசாக் கட்டணம் அப்போது 524 பவுண். குடிவரவு சுகாதாரக் கட்டணம் மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண். கொழும்பில் காசநோய்ப் பரிசோதனைக்கும் கைரேகை கொடுப்பதற்கும் போய்வரும் செலவு. பாடநெறிக் கட்டணத்தில் மீதி. இறுதியாகத் தங்கள் கூலி. தங்கள் கூலியை மற்றவற்றோடு கலக்காமல் தனிக் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அரசுக்குப் போகும் பணம் எது, கடைக்குப் போகும் பணம் எது என்பது பிரித்துத் தெரியாமல் லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்கள் உவர்மலையிலும் நிலாவெளியிலும் இருக்கிறார்கள் என்பதால், அந்தக் கோட்டை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை. விசாக் கட்டணத்தை எங்கள் வங்கி அட்டையிலேயே, எங்கள் கண்முன்னே கட்டினார்கள். விண்ணப்பக் கணக்கு என் பெறாமகளின் மின்னஞ்சலிலேயே திறக்கப்பட்டது. கடவுச்சொல்லை அவளே தட்டினாள். மூல ஆவணங்களைப் பிரதி எடுத்த கையோடு திருப்பித் தந்தார்கள். மொழிபெயர்ப்புக்கு அவர்களே ஒருவரை வைத்திருக்காமல், நகரில் இருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களில் நாங்கள் விரும்பியவரிடம் போகச் சொன்னார்கள்.

பணம் காட்டும் விஷயத்தில் அவர்களுடைய கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர் விசாவுக்கு, பாடநெறிக் கட்டணத்தின் மீதியும் ஒன்பது மாதங்கள் வரையிலான வாழ்க்கைச் செலவும் 28 நாட்கள் தொடர்ச்சியாகக் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாட்களில் ஒரு நாளாவது தேவையான தொகைக்குக் கீழே இறங்கினால் கோப்பு விழுந்துவிடும். அந்தக் காலம் முடியும் நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாட்களுக்குள் இருக்கவும் வேண்டும். பணம் பெற்றோரின் கணக்கில் இருப்பதற்குத் தடையில்லை. பிறப்பு அத்தாட்சிப்பத்திரமும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் போதும். இவற்றையெல்லாம் ஒரு நாட்காட்டியை மேசையில் விரித்து, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை கணக்கைத் தொடக்கூடாது என்று அண்ணனுக்கு வட்டமிட்டுக் காட்டினார்கள். தம்பலகாமத்தில் இருந்த வயற்காணி ஒன்றை விற்ற பணம் அது என்பதால், காணி உறுதியின் பிரதியையும் விற்பனைப் பத்திரத்தையும் சேர்த்து, பெருந்தொகை திடீரென்று கணக்குக்கு வந்த காரணத்தை ஒரு பக்கக் கடிதமாக அவரையே தமிழில் எழுதச் சொல்லி, பிறகு மொழிபெயர்க்க வைத்தார்கள். வங்கிக்கு நேரடியாக எழுதி விசாரிக்கும் வழக்கம் அதிகாரிகளுக்கு இருக்கிறது என்றும், இரவல் பணத்தைக் காட்டிய கோப்புகள் அங்கேதான் பிடிபடுகின்றன என்றும் விளக்கினார்கள். நாங்கள் எழுந்து வந்த நிறுவனம் லாபமாகக் காட்டிய அதே இடத்தில்தான் 10 ஆண்டுத் தடையின் ஆபத்து ஒளிந்திருந்தது.

விசா கிடைத்தது. ஆனால் கடையின் தரத்தை எனக்கு உறுதிப்படுத்தியது, கிடைக்காமல் போன இன்னொரு விண்ணப்பம். எங்கள் அயலில் தனியாக வசிக்கும் ஓர் அம்மா, லண்டனில் இருக்கும் மகனுக்குப் பிறந்த பேரப்பிள்ளையைப் பார்க்க வருகைதரு விசா கேட்டார். கடைக்காரர்கள் ஆரம்பத்திலேயே, இது கடினமான விண்ணப்பம் என்று சொன்னார்கள். கணவர் இறந்துவிட்டார், ஓய்வூதியம் இல்லை, ஒரே பிள்ளை அங்கே. திரும்பி வருவதற்கு இங்கே என்ன பிடிப்பு இருக்கிறது என்பதைத்தான் அதிகாரி முதலில் பார்ப்பார் என்றும், அப்போது 127 பவுணாக இருந்த கட்டணம், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது என்றும் அந்த அம்மாவுக்கு விளங்கும்படி சொல்லி, அதற்குப் பிறகும் அவர் விரும்பியதால்தான் கோப்பைத் தொடங்கினார்கள். வீட்டு உறுதி, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, அவர் பொறுப்பாக நடத்திவரும் சிறிய கோயில் அறக்கட்டளைக் கணக்கு, மகனின் சம்பளச் சீட்டுகள் எல்லாம் சேர்த்தும் மறுப்புக் கடிதம்தான் வந்தது.

அந்தக் கடிதத்தை அவர்கள் கையாண்ட விதத்தை எல்லாக் கடைகளும் கற்றுக்கொள்ள வேண்டும். வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். வருகைதரு விசா மறுப்புக்கு வழக்கமாக மேன்முறையீடு கிடையாது என்றும், புதிய ஆதாரம் இல்லாமல் உடனே மறுபடி விண்ணப்பிப்பது பணத்தை வீணாக்குவது என்றும் சொன்னார்கள். அடுத்த முறை எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுத வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லி, மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கும்படி ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கள் கூலியில் ஒரு பகுதியை அவர்களாகவே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு தாய் தன் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதைக்கூட ஐயத்தோடு பார்க்கும் முறை மனிதத்தன்மை குறைந்தது என்றே நான் நினைக்கிறேன். தன் எல்லையைக் காக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஆனால் ஏழ்மையையும் தனிமையையும் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் விதிகளை அந்த உரிமையின் பெயரால் ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டிய வேலை லண்டனில் விதி எழுதுபவருக்கு இல்லை. மாடிக் கடையில் இருக்கும் அந்தப் பெண் உத்தியோகத்தருக்குத்தான் இருந்தது. அவர் அதைப் பொறுமையாகச் செய்தார்.

கடையில் காத்திருந்த நேரங்களில் வேலை விசா தேடி வந்த பலரையும் பார்த்தேன். பராமரிப்பு வேலைக்கு இங்கிலாந்து போக வழியிருக்கிறதா என்று கேட்டு வந்த இளைஞர்களிடம், 2025 ஜூலை 22 முதல் வெளிநாடுகளிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது என்பதை நேராகச் சொன்னார்கள். வேலை கொடுக்கும் பிரித்தானிய நிறுவனம் வழங்கும் அனுசரணைச் சான்றிதழை வாங்கித் தருவதாகச் சொன்ன யாரிடமாவது ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தவர்களுக்கு, அந்த நிறுவனத்தின் பெயர் பிரித்தானிய அரசு வெளியிடும் அனுசரணையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று இலவசமாகத் தேடிக் காட்டினார்கள். பிரித்தானிய விசா விதிகள் 2024 ஜனவரியிலும் மார்ச்சிலும் ஏப்ரலிலும், பிறகு 2025 ஜூலையிலுமாக மாறிக்கொண்டே வந்தன. மாறிய செய்தி எவராலும் தமிழில் எழுதப்பட்டு மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ வந்துசேர்வதில்லை. பழைய விதியைப் புதிதுபோல விற்பவர்கள் சம்பாதிப்பது இந்த இடைவெளியில்தான்.

மத்திய கிழக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் உரிமம் இந்தக் கடைக்கு இல்லை. இல்லை என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அத்தேவையோடு வருபவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, முகவரின் உரிமத்தை அங்கே உறுதிப்படுத்திய பிறகே கடவுச்சீட்டைக் கையில் கொடுக்கும்படி சொல்லி அனுப்புகிறார்கள். பிறந்த திகதியை மாற்றித் தர முடியுமா என்று ஒருவர் கேட்டபோது, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தி அவரை வெளியே அனுப்பினார்கள். இந்த மாவட்டத்தில் அதற்கான காரணத்தை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005 இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டபோது, 1988 இல் பிறந்த அவருடைய கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. அவருடைய பொறுப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் அந்தத் தாளில் இருந்த வயதே அவருக்கு எதிராக நின்றது. 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு முகவர் மேசையில் மாற்றப்பட்ட ஓர் எண் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாங்கள் பக்கத்து ஊரிலேயே கண்டவர்கள்.

கடல் வழியைப் பற்றிக் கேட்பவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கும் கடையில் மரியாதையாகப் பதில் சொல்லப்பட்டதை நான் கவனித்தேன். 2022 இல் கிழக்குக் கடலில் கடற்படை மறித்த படகுகளில் இருந்தவர்கள் திருகோணமலைத் துறைமுகப் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தி இந்த ஊருக்குப் புதியதல்ல. அதே ஆண்டு நவம்பரில், பழுதான கப்பலொன்றிலிருந்து 303 இலங்கையர் நடுக்கடலில் ஜப்பானியக் கப்பலொன்றால் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அவர்கள் போக நினைத்த நாடு கனடா. அவுஸ்திரேலியா 2013 செப்டம்பர் முதல் படகுகளைத் திருப்பி அனுப்பும் கொள்கையைக் கைவிடவில்லை. இந்தத் தகவல்களை அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வணிக நிறுவனத்துக்கு இதனால் எந்த வருமானமும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவதும் பெரியதுமான குறை, தனிமை இல்லாமை. ஒரே அறையில் இரண்டு மேசைகள் நெருக்கமாக இருப்பதால், ஒருவருடைய வங்கி மீதி, கடன், விவாகரத்து, முந்தைய மறுப்பு எல்லாமே காத்திருப்பவர்களின் காதில் விழுகின்றன. சிறிய ஊரில் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது வெளியே போனால் அதன் விளைவு கடையோடு முடிவதில்லை. குறைந்தபட்சம் ஒரு தடுப்புப் பலகையாவது வைக்கும்படி அவர்களிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது, படிக்கட்டு. மூட்டுவலியுள்ள எங்கள் அயல் அம்மா ஒவ்வொரு முறையும் சிரமப்பட்டே ஏறினார். கீழே இறங்கிவந்து ஆவணங்களை வாங்கிக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்வது கடினமான காரியமல்ல.

கனடாவைப் பற்றிய அவர்களுடைய அறிவு இங்கிலாந்தைப் பற்றியதைப்போல ஆழமானதல்ல. கனடிய மாணவர் அனுமதிகளுக்கு 2024 இல் வரம்பு விதிக்கப்பட்டது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வரம்புக்குள் மாணவருக்கு இடம் இருப்பதாகக் கனடிய மாகாணம் தரும் உறுதிக் கடிதம் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. மேலும், கனடிய விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் அந்நாட்டுக் குடிவரவு ஆலோசகர் கல்லூரி எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பிலோ சட்டத்தரணிகள் சங்கத்திலோ பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது கனடிய சட்டம்; இந்தக் கடையில் அப்படிப் பதிவு பெற்றவர் இல்லை. கேட்டபோது மறைக்கவில்லை; ஆனால் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிப் பிரதேச செயலகத்தில் கைரேகை கொடுப்பதற்கு நாள் எடுத்துத் தரும் சேவையும் அங்கே இருக்கிறது. அதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள், விலையும் நியாயம்.

மாணவர் விசாக் கோப்புக்கு எங்களிடம் வாங்கிய கூலி 35,000 ரூபாய். நகரில் இதைவிடக் குறைவாகவும் இதைப்போல் பல மடங்காகவும் கேட்கிறார்கள். செய்த வேலையை வைத்துப் பார்த்தால் இது நியாயமான தொகை. இங்கிலாந்தில் படிக்கப் போகிறவர்களும், குடும்பத்தைப் பார்க்க வருகைதரு விசா கேட்பவர்களும், ஏற்கெனவே மறுப்புக் கடிதம் கையில் வைத்திருந்து அதன் பொருள் விளங்காமல் இருப்பவர்களும் தயங்காமல் போகலாம். கனடாவுக்கு என்றால், பதிவு பெற்ற ஆலோசகரின் பெயரை அந்தக் கல்லூரியின் பகிரங்கப் பட்டியலில் நீங்களே தேடிப் பார்த்துவிட்டு அவரிடம் போவது நல்லது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். சனிக்கிழமை காலை கூட்டம் அதிகம். வார நாளில் காலை ஒன்பது மணிக்கு, மூல ஆவணங்களோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியையும் எடுத்துக்கொண்டு போனால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிராது.